காய்ச்சலுக்கு வைத்த நேர்த்தி

எங்கள் வீட்டு அலுமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடித் தெர்மோமீற்றர் இருக்கிறது. பச்சைப் பிளாஸ்ரிக் கூடு. அதன் மூடி வெடித்துப்போய் நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறது. சுற்றியது என் மச்சாள், என் மனைவியின் தங்கை. தையற்காரி போட்ட கட்டு என்றபடியால் இத்தனை வருஷத்திலும் இளகவில்லை. இதைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். பாதரசம் தொண்ணூற்றேழில் நின்றது. நான் அதைப் பார்த்து, 'தாயே, உன் அருள்' என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிறந்த நாள் தொட்டு நான் கும்பிட்ட கும்பிடுகளில் பிழையான கும்பிடு அதுதான்.

சண்டை திரும்பவும் மூண்ட வருஷம், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றில் எங்களோடு இருக்க வந்தவள் அவள். தையல் மெசினை அங்கேயே விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தாள். பையில் இரண்டு சேலை, மழை படாமல் பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பி, இந்தத் தெர்மோமீற்றர். இருபத்திரண்டு வயதிலிருந்தே அவளுக்குச் சிறுநீரக வருத்தம். விடிய எழும்பினால் கண்மடல் வீங்கியிருக்கும், பின்னேரம் கால் வீங்கும். கறியை உப்பில்லாமல் தனிச் சட்டியில் வைப்பாள். அந்த வருத்தத்தால் இரண்டு கலியாணம் பேச்சோடு குழம்பிப் போனது. "உப்பில்லாமல் சாப்பிட அவைக்குக் குடுத்து வைக்கேல்லை, அக்கா" என்று சொல்லிச் சிரித்தாளே தவிர, அவள் அழுததை நான் காணவில்லை.

அந்த மாரியில்தான் சிக்குன்குனியா வந்தது. எங்கள் ஒழுங்கையில் தப்பின வீடு இல்லை. நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கிறவன். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கின தோள், அந்தக் கிழமை சாரத்தை இறுக்கிக் கட்டக்கூட உதவவில்லை. கிணற்றடிக்குத் தவண்டு போனேன். மனைவி பாயோடு பாய். பிள்ளைகளும் அப்படியே. வீட்டில் நடமாடினது மச்சாள் ஒருத்திதான். எங்களுக்குக் கஞ்சி காய்ச்சி, வேப்பிலை அவித்து, எதிர்வீட்டுக் கிழவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கிழவர் சும்மா இருக்கிறவர் இல்லை. "ஊரிலையே நோயாளி எண்டு பேர் எடுத்தவள் ஓடித் திரியிறாள், மூட்டை தூக்கிறவன் தவழுறான். உன்ர அத்தானுக்குத் தொட்டில் கட்டிவிடு பிள்ளை" என்று படலையடியில் நின்று கத்துவார். நானும் பாயில் கிடந்தபடி அவளைப் பெருமையாகச் சொன்னேன். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் காளி கோயிலுக்குப் போகிறவன். அம்மாள் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையையாவது விட்டுவைத்திருக்கிறாள் என்று நம்பினேன்.

நாலைந்து நாளில் அவளுக்கும் கணுக்கால் நோகத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் கடையில் வாங்கின நோக் குளிசைதான் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தான், இது எனக்கு ஆகுமோ? கேக்காமல் நோக் குளிசை போடவேண்டாம் எண்டு கிளினிக்கில சொன்னவை" என்றாள். கிளினிக் மூடிக் கிடந்த நாட்கள் அவை. கேட்பதற்கு ஆள் இல்லை. நான் சொன்னேன், "எல்லாரும்தானே போடினம், உனக்குக் காய்ச்சல்கூட இல்லை, ஒண்டும் செய்யாது." எட்டாம் வகுப்புப் படித்தவன் டொக்டருக்குமேல் டொக்டராகப் பேசினேன். என் சொல்லைக் கேட்டு மூன்று நாள் விழுங்கினாள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விடமாட்டேன்.

நாலாம் நாள் காலை முகம் ஊதியிருந்தது. குடிக்கிற தண்ணீரைச் சத்தியெடுத்தாள். சலம் போகவில்லை என்று அக்காவின் காதில் சொன்னாள். பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவள், ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டே நூல் கோர்க்கிறவள் அவள். அப்போதுதான் நான் தெர்மோமீற்றரை எடுத்து அவள் கக்கத்தில் வைத்தேன். தொண்ணூற்றேழு. அந்தக் கும்பிடு அப்போது போட்டதுதான்.

மத்தியானம் கடந்தும் அவள் தெளியவில்லை. ஓட்டோ பிடித்தோம். தடைமுகாமில் இறங்கி நடக்கச் சொன்னார்கள். என் முழங்காலும் அவள் காலும் நடந்த நடையைப் பார்த்துவிட்டு ஆமிக்காரன் அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சல்காரருக்கென்று இடம் போட்டிருந்தார்கள். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், தொண்டர், காய்ச்சல் பார்த்துப் பிரித்துவிடுவார். நூறுக்குமேல் என்றால் உள்ளே நீள வாங்கில் உட்கார்ந்திருக்கலாம், டொக்டர் பார்ப்பார். இல்லையென்றால் பனடோலோடு வீட்டுக்கு. அத்தனை சனத்துக்கு ஒரு டொக்டர். அந்த மனிதரில் நான் குற்றம் சொல்லவில்லை. அவர் மச்சாளைப் பார்த்தார், பாதரசத்தைப் பார்த்தார், "காய்ச்சல் இல்லை, நல்லது. கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

நான் நகரவில்லை. பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. ஊரடங்கு வரப்போகிறது, காய்ச்சல் இல்லாத ஆள் ஏன் வழியை மறிக்கிறார் என்று ஒருத்தி கேட்டாள். மச்சாளே வெட்கப்பட்டு என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ அத்தான், சனம் பாக்குது."

"பாக்கட்டும்" என்றேன். பிறகு அந்தப் பெரியவருக்குச் சொன்னேன், "ஐயா, எனக்குக் காய்ச்சல் கணக்குத் தெரியாது. இவவைத் தெரியும். இவ இப்பிடி இருக்கிற ஆள் இல்லை. டொக்டர் பாக்காமல் நாங்கள் இதில இருந்து எழும்பமாட்டம்." சொல்லிவிட்டு வாசற்படியிலேயே இருந்தேன். இருந்தது பாதி வீரம், பாதி முழங்கால் நோ. ஆனால் எழும்பவில்லை.

சத்தம் கேட்டு டொக்டர் வந்தா. இளம் பெண், நாள் முழுக்க நின்று களைத்த முகம். கிளினிக் கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினா. மச்சாளின் கீழ்க்காலில் பெருவிரலால் அமத்தினா. குழி விழுந்தது, மேலே வரவில்லை. என்ன குளிசை போட்டவ என்று கேட்டா. நான் சொன்னேன், தந்தது நான்தான் என்றும் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவ திட்டவில்லை.

"காய்ச்சல் எண்டது கிருமி இல்லை, அண்ணை. கிருமியோட உடம்பு பிடிக்கிற சண்டை. அந்தக் குளிசையில இவவின்ர சிறுநீரகம் இன்னும் பழுதாகிக் கழிவை வெளியில விடேல்லை. அந்த நஞ்சில சண்டைக்குப் போறவையும் மயங்கிக் கிடக்கினம். கிருமி உள்ளுக்கு வந்திட்டுது, ஆனா சத்தம் இல்லை. நீங்கள் அதைச் சுகம் எண்டு நினைச்சிட்டீங்கள்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேளாத நாட்களில்தான் நாங்கள் கூடுதலாகப் பயந்து இருந்தோம். அமைதியைக் கண்டு பயப்படத் தெரிந்த நான், என் வீட்டுக்குள் இருந்த அமைதியைக் கும்பிட்டுவிட்டேன்.

அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக்குள் குழாய் வைத்து, தண்ணீரை விட்டு விட்டு எடுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கழிவு குறைந்தால் உடம்பு எழும்பிச் சண்டை பிடிக்கும், காய்ச்சலும் வரக்கூடும் என்றார்கள். அடுத்த நாள் விடிய நான் காளி கோயிலுக்குப் போனேன். சனம் நிறைய. எல்லோருக்கும் ஒரே வேண்டுதல். பூசாரியார் என் முறை வந்ததும், ஆருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

"மச்சாளுக்கு. வரோணும் எண்டு அர்ச்சனை செய்யுங்கோ" என்றேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊர் முழுக்கப் போகோணும் எண்டு கேக்குது. உனக்கு மட்டும் வரோணுமோ? குளிசை கூடிப்போச்சோ?" நான் விசயத்தைச் சொன்னேன். தட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு அவள் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, நான் சொன்னபடியே வாய்விட்டுச் சொல்லி அர்ச்சனை செய்தார். பின்னால் நின்ற சனம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கும். நான் அம்மாளை நேரே பார்த்தேன். 'உன்னில எனக்குக் கோவம் இல்லை. பிழை என்ர. ஆனா விதி எண்டு சொல்லி இவளை உன்னட்ட அனுப்பமாட்டன். நீ இவளுக்குச் சண்டை பிடிக்கப் பெலனைக் குடு' என்றேன். பதினொரு தேங்காய் நேர்த்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் நெற்றி நெருப்பாய்க் கொதித்தது. மனைவி பயந்து அழுதாள். தாதி நூற்றொன்று என்றதும் நான் சிரித்துவிட்டேன். வார்ட் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மச்சாள் கண்ணைத் திறந்து, "எனக்கு எரியுது, நீங்கள் சிரிக்கிறீங்கள்" என்றாள்.

"எரியட்டும் பிள்ளை" என்றேன்.

காய்ச்சல் வந்துவிட்டால் சுகம் என்று அர்த்தம் இல்லை, இனித்தான் கவனம் என்று வார்ட் டொக்டர் பிறகு என்னைக் கண்டித்தார். அது சரிதான். அவள் எழும்பி நடக்க இன்னும் இரண்டு கிழமை பிடித்தது. ஆனால் தேங்காயை நான் அன்றைக்கே உடைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் பழைய ஆள் இல்லை. வெட்கம் போய்விட்டது. உடம்பில் ஏதும் வித்தியாசம் தெரிந்தால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போவாள். மேசையடியில் நின்று, "எனக்குக் காய்ச்சல் இல்லை, அதாலதான் வந்தனான்" என்பாள். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கொப்பியைப் பார்த்தபின் சிரிக்கமாட்டார்கள். சண்டை முடிந்தது. அவள் வேறொரு மெசின் வாங்கித் தைத்தாள். கடைசி வருஷங்களில் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்யப் போனாள். கொரோனா ஊசி இரண்டு போட்டும் போதாது, சிறுநீரக வருத்தக்காரரின் உடம்பு அதை லேசில் பிடிக்காது என்று கிளினிக்கில் சொன்னபோது, மூன்றாவதுக்கு முதல் ஆளாய் நின்றாள். "என்ர உடம்புக்கு ஒண்டை மூண்டு தரம் சொன்னாத்தான் அத்தான் ஏறும்." அவள் போய் இப்போது இரண்டு வருஷம். நோயாளியாகப் போகவில்லை. அரைவாசி தைத்த சட்டை மெசினில் இருந்தது.

எனக்கும் இப்போது சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுது என்று கிளினிக் கொப்பி தந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் காலை, சோற்று மணம் குமட்டியது, கால் கனத்தது, கதைக்க மனமில்லை. வீட்டில் எல்லோருக்கும் தடிமன் காய்ச்சல். மகன் நெற்றிக்கு நேரே பிடிக்கிற புதுக் கருவியால் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒண்டும் இல்லை, படுங்கோ" என்றான். நான் அலுமாரியைத் திறந்து அவள் சுற்றிய நூலோடு இந்தத் தெர்மோமீற்றரை எடுத்து வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. இந்த முறை கும்பிடவில்லை. விபூதியைப் பூசினேன், கொப்பியைக் கக்கத்தில் வைத்தேன். ஆஸ்பத்திரி மேசையடியில் இருந்த பிள்ளை, என்ன வருத்தம் ஐயா என்று கேட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை, பிள்ளை" என்றேன். "அதாலதான் வந்தனான்."