தோல் கொட்டகைக்கு இடம் பார்க்கப் போனது

கல்வெட்டுகளை மைப்படி எடுக்கும் உத்தியோகத்தில் நான் சேர்ந்த புதிது. எழுத்துள்ள கல்லின் மேல் ஈரக் காகிதத்தை அழுத்தி ஒட்டி, மையை ஒற்றி எடுப்பதுதான் வேலை. அதற்குள்ளாகவே, மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்வையாலேயே சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. நினைப்புக்குப் பொருத்தமாக ஒரு காக்கித் தொப்பியும் வாங்கியிருந்தேன். கொஞ்சம் பெரிது, குனிந்தால் கண்ணை மறைக்கும்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த சாயபு ஒருவர், தோல் உலர்த்த இன்னொரு கொட்டகை கட்டுவதாக இருந்தார். அடுத்த வயலில் பழைய கற்கள் அகப்பட்டிருந்ததால், கடைக்கால் தோண்டும் முன் இடத்தைப் பார்த்துவரும்படி என் மேலதிகாரி என்னை அனுப்பினார்.

போய் இறங்கியதும் சுண்ணாம்புக் குழியின் வாடையும் பச்சைத் தோலின் வாடையும் சேர்ந்து என்னைத் திக்குமுக்காட வைத்தன.

"இன்னா சார், வாடை ஜாஸ்தியா கீதா?" என்றார் சாயபு.

"எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்" என்றேன், கைக்குட்டைக்குள்ளிருந்து.

சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில். பிரம்பால் அங்கங்கே தட்டினேன். தலையை ஆட்டினேன். கொட்டகை கட்டப்போகிற மேஸ்திரிக்கு, சண்டையில் இறந்த வீரனுக்கு நடுகல் நடும் வழக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். கடைசியில், "இங்கே ஒன்றும் இல்லை. நாளைக்கே தோண்டலாம்" என்றேன்.

"தோண்டாமயே எப்டி சார் தெரிஞ்சிது?" என்றார் மேஸ்திரி.

"அதற்குத்தானே படித்திருக்கிறேன்."

கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி, ஆட்கள் மிதித்து ஏறுவதற்குப் படியாக ஒரு பலகைக்கல் பாதி புதைந்து கிடந்தது. அதன் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, பழமையான பொருள் எதுவும் தென்படவில்லை என்று எழுத ஆரம்பித்தேன்.

அப்போது தோல் துண்டைக் கவ்விய நாய் ஒன்று என்னைப் பார்த்து உறுமியது. நான் துள்ளி எழுந்தேன். தொப்பி கண்ணை மூடியது. மைப்படிக்காக நான் கொண்டுவந்திருந்த மைடப்பா காலில் பட்டுக் கவிழ்ந்து, கல்லும் என் வேட்டியும் கறுப்பாகிவிட்டன. பாவம் பார்த்து மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைக் கல்லில் ஊற்றித் தேய்த்தார். சுண்ணாம்பு அழுக்கெல்லாம் போயிற்று. கோடுகளில் இறங்கிய மை மட்டும் போகவில்லை.

"சார், இது எழுத்தாட்டம் இல்ல?" என்றார் சாயபு.

"கத்தி தீட்டிய கீறல்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். மாட்டு மந்தையைக் குறிக்கும் 'தொறு' என்ற பழஞ்சொல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மண்ணைத் தள்ளியபோது, வில்லேந்திய வீரன் ஒருவன் வெளியே வந்தான். அவன் தலைக்கு மேலேதான் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"எதிரிகள் கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போராடிச் செத்தவன்" என்று படித்துச் சொன்னேன்.

சாயபு, குவிந்து கிடந்த மாட்டுத் தோல்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். "மாட்டுக்காவ உசுர விட்டவரா? நம்ம கொட்டாய்ல இருந்தா அவுருக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. மேஸ்திரி, செவுத்த அப்பால தள்ளிப் போடு." கல்லை மேட்டு நிலத்தில், புங்கமரத்தடியில் நிமிர்த்தி நட ஏற்பாடு செய்தார். காலில் மிதித்ததற்காக ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், மை கன்னத்திலும் ஒட்டியது.

மைப்படியைப் பார்த்த மேலதிகாரி, "உனக்குக் கழுகுக் கண்ணப்பா!" என்றார். கால் தவறி மை கொட்டியதைச் சொன்னேன்.

"அடக்கம் வேண்டியதுதான். இவ்வளவு கூடாது."

"நாய் வந்தது சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் புதிதாகச் சாலை போடுகிறார்கள், போய்ப் பார்த்துவா என்றார். அங்கே நாள் முழுக்கத் தோண்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லை.