ஹார்னர் வீட்டுப் பரணில் ஏழு கோடுகள்

பத்மராணி ஆன்ட்டி சனிக்கிழமைகளில் காலை ஒன்பதே கால் பஸ்ஸைப் பிடிப்பார். நியூ ஜெர்சியின் தெற்குப் பக்கம், எங்கள் டவுனுக்கு வெளியே இருக்கும் ஹார்னர் வீட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. செங்கல் வீடு. வயது இருநூறு இருக்கும். மேரிலாந்திலும் டெலவேரிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஆற்றைக் கடந்து வந்தபோது, இந்த வீட்டுக்காரர்கள் அவர்களைப் பரணில் ஒளித்துவைத்தார்கள் என்று சொல்வார்கள். சொல்வதோடு சரி. அதற்கு ஒரு கடிதமோ ஒரு பெயரோ கிடைத்ததில்லை.

ஆன்ட்டிக்கு அறுபத்தொரு வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய். கணவர் தர்மராசா இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் நிருஜா கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை பார்க்கிறாள். ஹார்னர் வீட்டுக் கமிட்டி ஆள் தேடியபோது, வீட்டைக் கூட்டிப் பெருக்கவும் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து மூன்று வரை பார்வையாளருக்குத் திறந்து வைக்கவும் இவர் ஒப்புக்கொண்டார். சில சனிக்கிழமைகளில் ஒருவரும் வரமாட்டார்கள். விருந்தினர் புத்தகத்தில் தேதியை மட்டும் எழுதிவிட்டு மூடுவார். ஆனாலும் அன்று யாராவது வரக்கூடும். மற்ற நாட்களில் அப்படி நினைக்கவும் வழியில்லை.

போன அக்டோபரில் மானஸா வந்தாள். இதே மாநிலத்தில் எடிசன் ஊரில் பிறந்த சென்னைக் குடும்பத்துப் பெண். பழைய கட்டிடங்களைப் பற்றிப் படிக்கிறவள். வீட்டை மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்க அவள்தான் அறிக்கை எழுத வேண்டும். சான்று எதுவும் கிடைக்காவிட்டால் வீட்டைப் பார்வைக்குத் திறப்பதையே நிறுத்திவிடுவது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

"ஆன்ட்டி, உங்க தமிழ் ரொம்ப க்யூட்டா இருக்கு."

"அறுபது வயசு மனுசி கதைக்கிறது உனக்கு க்யூட்டோ? அப்ப உன்ர தமிழுக்கு என்ன பேர் வைக்கிறது?"

"வேணாம் ஆன்ட்டி, எங்க அம்மா ஏற்கெனவே நிறைய பேர் வச்சிருக்காங்க."

பரணைப் படம் எடுக்க ஜனவரியில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தைப்பொங்கலுக்கு முன் ஆன்ட்டி வீடு முழுவதும் துடைப்பார், சுவர்களையும் சேர்த்து. இந்த வருடமும் துடைத்து முடித்தபோது ஹார்னர் வீட்டின் நினைவு வந்தது. படம் எடுக்க வருகிறார்களே, தை பிறக்கும் நேரத்தில் அந்த வீடு மட்டும் கரியும் தூசியுமாக இருக்கலாமா? ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பரணில் ஏறினார். மேலே தண்ணீர் பயன்படுத்தக் கூடாது என்று சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தரையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு ஆள் குந்தியிருக்கும் அளவு இடம். அங்கே இருந்த பலகைச் சுவரைத் துடைத்தார். முதல் இழுப்பில் தூசி போய்க் கரிக்கோடுகள் தெரிந்தன. குட்டையாக, வரிசையாக ஏழு. கண் பார்த்தும் கை நிற்கவில்லை. இரண்டாவது இழுப்பில் மூன்று கோடுகள் துணியோடு வந்துவிட்டன.

கரி ஒட்டிய துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு நிருஜாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"அம்மா, டோன்ட் டெல் தெம். சொன்னா சாவிய எடுத்துடுவினம். தென் வாட் வில் யூ டூ?"

"ஏழு இருந்தது, பிள்ளை. நான் கண்டனான்."

"ஆருக்குத் தெரியும்? மீட்டிங் இருக்கு, பிறகு கூப்பிடுறன்."

அன்று அவள் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை மானஸா டார்ச்சோடு பரணில் ஏறினாள். இரண்டு நிமிடத்தில் கத்தினாள். "ஆன்ட்டி! சீக்கிரம் மேல வாங்க! நாலு கோடு இருக்கு! ஓ மை காட், நாலு!"

அவள் மகிழ்ச்சியில் குதித்ததில் பலகைத் தரை ஆடியது. ஆன்ட்டி பேசாமல் இருந்திருந்தால் நான்கு கோடுகளோடு எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்.

"நாலு இல்லை, பிள்ளை. ஏழு."

"மீதி எங்க?"

"மூண்டை நான் துடைச்சுப்போட்டன். தண்ணியால."

மானஸா டார்ச்சைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இத நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும், ஆன்ட்டி. உங்க பேரோட," என்றாள்.

"எழுது. ஏழு நாள் எண்டு எழுது."

"நாள்னு எப்படி சொல்றீங்க? யாரோ மூட்டை எண்ணியிருக்கலாம்ல?"

"குந்தியிருந்தா கை எட்டுற உயரத்தில ஆர் மூட்டை எண்ணுவினம்? நானும் இப்பிடிக் கோடு கீறினனான்."

அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னார். தொண்ணூற்றாறில், அமெரிக்காவில் இருந்த கணவரிடம் வரும் வழியில், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் அவரை மாஸ்கோவில் ஒரு ஃபிளாட்டில் ஒன்பது பேரோடு வைத்துப் பூட்டினான். திரையை விலக்கக் கூடாது, நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது. ஒரு பெண் பாண் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். அவள் பெயர் இன்றுவரை தெரியாது. அலுமாரிக்குப் பின்னால், புருவப் பென்சிலால், நாளுக்கு ஒரு கோடு. இருபத்துமூன்று.

"நாள் கணக்குத் தவறினா நானும் தவறிப்போவன் எண்ட மாதிரி இருக்கும்," என்றார்.

மானஸா நோட்டைத் திறந்தாள். "இதையும் போடலாமா? பர்சனல் இல்லயா?"

"போடு. அந்த மூண்டு கோட்டுக்கு வேற ஆர் சாட்சி?"

அறிக்கை பிப்ரவரியில் போனது. தண்ணீர் கூடாது என்ற விதியை மீறியதற்காகக் கமிட்டி சாவியைத் திரும்பக் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். மாநிலத்திடமிருந்து பதில் வரும்வரை வீடு மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் ஆன்ட்டி இப்போது வீட்டில்தான் இருக்கிறார். டிவி ஓடும், பார்க்கமாட்டார்.

மானஸா அனுப்பிய அறிக்கையை அவர் நிருஜாவுக்கும் அனுப்பினார். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மகளிடம் அவர் மாஸ்கோவைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அவள் இன்னும் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது.