கொடி பூக்கும் நாள் வரைக்கும்

என் அண்ணையின் பெண்சாதி சறோஜினிதேவி கெட்டிக்காரி. இதை நான் சந்தோசத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரர் எட்டுப் பேர் கூடியிருந்த இடத்தில், ஒரு சாண் உயரச் செடியைக் காட்டி எல்லாரையும் வருசக்கணக்காக ஏமாற்றியவள் அவள். நானும் ஏமாந்தேன். அந்த நாளில் எனக்கு வாய் நீளம், புத்தி கட்டை.

அண்ணை கதிர்காமு மலைநாட்டில், பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில் இருக்கிற எங்கள் சரவணையில் பாதி வீடுகள் அப்படித்தான், ஆண்கள் தெற்கே கடையில், பெண்கள் இங்கே. அண்ணை மட்டும் கலியாணம் முடித்த கையோடு மச்சாளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைக்குப் பின்னால் அவர்கள் இருந்த வீடு முந்தி ஒரு தோட்டத்துரை கட்டியது. அதன் முகப்பு முழுக்க விஸ்டீரியா என்று ஒரு கொடி படர்ந்திருந்ததாம். குளிர் முடிகிற நேரம் இலைகூடத் தெரியாமல் ஊதாப் பூ குலை குலையாகத் தொங்குமாம். அண்ணைக்கு அந்தக் கொடியில் அப்படி ஒரு பித்து. எங்களுக்குக் கடிதம் எழுதினாலும் சுகம் விசாரித்து இரண்டு வரி, கொடியைப் பற்றிப் பத்து வரி.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், "கடையைப் பூட்டிப்போட்டு வாறன்" என்று போனவர் வரவில்லை. கடையும் எரிந்தது, வீடும் எரிந்தது. மச்சாள் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையில் இரண்டு நாள் ஒளித்திருந்து, அகதி முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினாள். உடுத்த சேலையும் அதன் தலைப்பில் ஒரு முடிச்சும்தான் மிச்சம். அம்மா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். ஐந்து விதைகள் இருந்தன, தட்டையாக, புளியங்கொட்டை நிறத்தில். வேலியோரம் நடுவதற்கென்று அன்று காலையில்தான் அண்ணை காயை உடைத்துக் கொடுத்தாராம்.

"என்ர பிள்ளை எங்கையடி? விதையைக் கொண்டுவந்து நிக்கிறாய்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்னப்பிள்ளை என்றால் அழாத மனுசி என்று ஊரில் பெயர். அன்றைக்குத்தான் நான் அந்த அழுகையைக் கண்டேன்.

ஐந்தில் இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. மற்றதைச் சுற்றி மச்சாள் பனை மட்டையால் கூடு கட்டினாள். எங்கள் கிணறு உவர். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீருக்கு அரை மைல் நடந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். நாங்கள் குடிக்கக் கொண்டுவரும் தண்ணீரில் ஒரு குடம் அந்தச் செடிக்கு. வேரோரம், அடியில் துளை போட்ட ஒரு மண் முட்டியை நிலத்துக்குள் தாட்டு, அதற்குள் ஊற்றி மூடிவிடுவாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், வெய்யில் குடிக்காது. கேட்டால் அண்ணை சொல்லிக் கொடுத்தது என்பாள்.

அதோடு நிற்கவில்லை. கிணற்றடி வாய்க்காலோரம் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, சீனியாஸ் என்று வளவை நிறைத்தாள். ஆட்டெருவும் வேப்பஞ்சருகும் போட்டு உவர் மண்ணிலும் பூக்க வைத்தாள். கைராசி என்றால் அவளுக்குத்தான். ஒவ்வொரு நாளும் குளித்து, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரம் தலையில் செருகிக்கொண்டு நிற்பாள். அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. புருசன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இவள் என்ன பூவும் பொட்டும் என்று கிணற்றடியில் கதை. கோயிலுக்கு நான் கொண்டுபோன பூக்கூடையைத் திருப்பி அனுப்பினார்கள். சாவு விழுந்து கிரியை செய்யாத வீடு என்றால் துடக்கு வீடு, தீட்டுப்பட்ட பூ சாமிக்கு ஆகாது. எனக்குப் பேசிவந்த கலியாணமும் அதோடு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடையை நடு ரோட்டில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அண்ணை போய் ஒரு வருசம் முடிய, சிவகுரு சித்தப்பா சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"கடிதமில்லை, கதையில்லை. ஆள் இருந்தால் ஒரு சத்தமாவது வந்திருக்கும். தர்ப்பையில உருவம் செய்து அந்தியேட்டிக் கிரியையை முடிச்சு விடுவம். ஆத்துமா அந்தரிக்கக் கூடாது" என்றார்.

அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் தன் பிள்ளை எங்கேயோ தாகத்தோடு அலைகிறான் என்று அவள் இராப்பகலாகப் புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன்.

மச்சாள் குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. வேலியோரச் செடியைக் காட்டினாள்.

"மாமி, உந்தக் கொடி பூக்கட்டும். பூக்கிற நாள் வரைக்கும் அவர் வராட்டி, நானே பொட்டை அழிச்சுப்போட்டு வந்து இருக்கிறன். நீங்கள் சொல்லுற எல்லாம் செய்யிறன். அதுவரைக்கும் ஆரும் என்னட்டைக் கேக்கக் கூடாது."

எல்லாரும் செடியைப் பார்த்தோம். கொடி என்றால் எங்களுக்கு மல்லிகை, முல்லை. ஒரு மழை, மிஞ்சினால் இரண்டு மழை. "வாற வருசம் பூத்திடும்" என்றாள் அம்மா. சித்தப்பா சும்மா விடவில்லை. கற்பூரம் கொளுத்திவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். மச்சாள் கையால் அடித்து அணைத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. அதற்கு நான்தான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன், ஏசிக்கொண்டு.

ஒரு வருசம் போனது, இரண்டு போனது. கொடி பனஞ்சலாகைப் பந்தலில் ஏறியது, இலை விட்டது, பூக்கவில்லை. மூன்றாம் வருசம் அம்மாவே குடத்தைத் தூக்கினாள். அறுபத்தைந்து வயதில், முழங்கால் வாதத்தோடு, அரை மைல் நடந்து நல்ல தண்ணீர் அள்ளிவந்து அந்த முட்டிக்குள் ஊற்றுவாள். பூத்தால்தானே பிள்ளைக்குக் கிரியை! மருமகள் ஒரு குடம், மாமி ஒரு குடம். பார்த்தவர்கள் என்ன ஒற்றுமை என்றார்கள்.

நுவரெலியாவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் நான்தான் விசாரித்தேன். அவர் சிரித்தார். "பதியம் வச்சால் மூண்டு நாலு வருசம். விதையிலயோ? பத்து, பதினைஞ்சு வருசம் எடுக்கும் பிள்ளை. அதுவும் குளிருக்கை" என்றார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்போதுதான் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "இலை நல்லாத் தழைச்சிருக்கு, என்னடி?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் நல்ல பனி. ஒரு நாள் விடியப்புறம் முகம் கழுவப் போனவள், பந்தலடியில் மச்சாள் ஏணியில் நிற்பதைக் கண்டேன். கிட்டப் போனேன். அவள் மடிக்குள் விரல்நீள மொட்டுக்கதிர் ஐந்தாறு கிடந்தன. சாம்பல் பூத்த ஊதா. ஏழு வருசத்தில் பூக்க வந்துவிட்டது! அவள் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சாள் செய்யிறீர்? விசரே உமக்கு?"

"உம்மட அண்ணையைக் காப்பாத்திறன்" என்றாள். இன்னொன்றைக் கிள்ளி மடியில் போட்டாள். "மாமியிட்டைச் சொல்லப் போறீரோ? சொல்லும். நான் இறங்க மாட்டன்."

நான் வாயைத் திறந்தேன். நிறையச் சொல்ல இருந்தது. என் தலைமயிர் நரைக்கத் தொடங்கிவிட்டது, அம்மாவின் கால் வீங்கிவிட்டது, இந்த வீட்டுப் பூ ஒரு கோயில் வாசலுக்கும் ஆகவில்லை. ஆனால் கிள்ளுகிற அந்தக் கையைப் பார்த்தபோது, மொட்டு முழுக்க அண்ணையின் உயிர் என்று எனக்கும் ஒரு பயம் பிடித்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "மேல் கொப்பில ஒண்டு இருக்கு" என்று நானே காட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு.

அடுத்த தையில் அம்மா படுத்தாள். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர அண்ணைக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்துவிடடி அம்பிகை, நான் கேட்டதெண்டு அவளுக்குச் சொல்லு" என்றாள். கொள்ளி வைக்க மகன் இல்லை, சித்தப்பா வைத்தார். மாசியில் மச்சாள் திரும்பவும் ஏணியில் ஏறினாள். இந்த முறை நான் பிடிக்கப் போகவில்லை.

அந்த வருசம் ஐப்பசியில் படை தீவில் இறங்கியது. ஊர் முழுக்க யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. நான் உடுப்பைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், மச்சாள் முட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள், விளிம்பு வரைக்கும். மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்ற பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணையிடம், "கொடியை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றாள். அவரும் தலையாட்டினார்.

கொக்குவிலில் ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தோம். அங்கே செம்மண். கிணற்றில் தண்ணீர் தேன். ஒரு தடியை நட்டாலும் தளிர்க்கும். மச்சாள் ஒரு பூச்செடிகூட நடவில்லை. பொட்டு மட்டும் தவறாது. பூ இல்லாத நாளில் ஆர் வீட்டு வேலியிலாவது ஒரு பூவைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.

தொண்ணூற்றைந்து பங்குனியில், சண்டை நின்றிருந்த நாட்களில், ஏரம்பு அண்ணை செஞ்சிலுவைக்காரர் மூலம் எனக்கொரு கடிதம் அனுப்பியிருந்தார். வீட்டுக் கூரை போய்விட்டது, வேலி போய்விட்டது, ஆடுகள் வளவுக்குள் புகுந்து எல்லாம் தின்றுவிட்டன, ஊதாக்கொடி வேரோடு பட்டுப்போனது என்று எழுதியிருந்தார்.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மச்சாள் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கொடி செத்துப்போனால் இனிப் பூக்கவே போவதில்லை. பூக்காவிட்டால் அண்ணைக்கு எந்தக் காலத்திலும் தண்ணீர் இல்லை. அம்மாவின் கை என் கையை நெரித்தது போலிருந்தது. ஆத்திரமா இரக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஏரம்பு அண்ணை எழுதியிருக்கிறார்" என்றேன். "கொடி பூத்துக் கிடக்காம்."

மச்சாள் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

"கனக்கவோ?"

"ஓம். கூரை முழுக்கவாம்."

கடிதத்தைக் காட்டும் என்று கேட்பாள், கேட்டால் என்ன செய்வது என்று அதை மடித்துக் கைக்குள் இறுக்கினேன். கேட்கவில்லை. அப்போதுதான் வைத்த பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஒருமுறை துடைத்தது போதவில்லை, நெற்றி சிவக்கச் சிவக்கத் துடைத்தாள். தலையிலிருந்த ஒற்றை நந்தியாவட்டையை எடுத்துச் சாமிப் படத்தடியில் வைத்தாள். நான் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அந்தியேட்டி செய்கிற கீரிமலைக் கடலுக்குப் போக ஏலாது, அங்கே ஆமி. கொக்குவில் கிணற்றடியில்தான் தர்ப்பை உருவம் செய்து எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். தாலியைக் கழற்றி என் கையில் தந்தாள். பன்னிரண்டு வருசம் காத்திருந்தவளை ஒரு பொய்யால் விதவையாக்கினேன் என்று அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன். அண்ணைக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த ஐப்பசியில் படை நெருங்கிவர, யாழ்ப்பாணமே வெளிக்கிட்டது. உடனே பாலம் கடந்து போங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். மழை வேறு. மச்சாள் வெளியில் சைக்கிளில் பாய் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய றங்குப்பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்தேன். அடியில் குங்குமச் செப்பு. திறந்தால் உள்ளே மடித்த காகிதம். ஏரம்பு அண்ணையின் கோணல் எழுத்து. எனக்கு வந்ததுக்கு இரண்டு மாதம் முந்தின திகதி. "பிள்ளை சறோ, நீ சொல்லிவிட்டுப் போன கொடி பட்டுப்போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்."

வாசலில் மச்சாள் நின்றாள். நான் கடிதத்தை ஒளிக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ பொட்டை அழிச்சனீர்?" என்று கேட்டேன்.

"செத்த கொடிக்கு எவ்வளவு காலம் மச்சாள் காவல் இருக்கிறது?" என்றாள். "என்ர வாயால சொல்ல ஏலாமல் கிடந்தது. ஆராவது ஒராள் பூத்திட்டுது எண்டு சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் சொன்னீர்."

வெளியே சனம் நெரிபட்டுக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் என் கையிலிருந்த செப்பைப் பார்த்தாள்.

"உதை விடும், பாரம். தண்ணிப் போத்திலை எடும்" என்றாள்.

கடிதத்தை மடித்துத் திரும்பவும் செப்புக்குள் வைத்து, செப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.