அரிசி வாளிக் காசு

பாரிசின் லா சப்பலில் நாகேஸ்வரிக்கு வாய் பெரிது என்பார்கள். சீட்டு என்றால் அந்த வாயிடம்தான் வருவார்கள். ஆளுக்கு மாதம் ஆயிரம் யூரோ போட, முறைவைத்து ஒருவர் முழுவதையும் எடுப்பார். முதல் முறை, சீட்டுப் பிடிக்கும் தாய்ச்சிக்கு. மனுசன் செத்தபின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துப் பிழைத்தவள், சீட்டுக்காசில் ஒரு சதம் பிசகியதில்லை.

அந்த நல்ல பெயர்தான் அவளைக் கவிழ்த்தது.

பக்கத்து அறையைக் கிருஷாந்துக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவன் களவெடுத்த போன்களை வாங்கி விற்றிருக்கிறான். பொலிஸ் வந்து அவனுடைய பெட்டியோடு அவளுடைய அரிசி வாளியையும் கிளறியது. உள்ளே அந்த மாதச் சீட்டு, பன்னிரண்டாயிரம்.

"காசு ஆற்றை?" மொழிபெயர்க்க வந்த பெண் கேட்டாள்.

"என்ரை இல்லை. ஊராற்றை காசு."

தாய்ச்சி வேறென்ன சொல்வாள்? சீட்டுக்காசைத் தன்னுடையது என்பவள் கள்ளி. பொலிஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டு, காசை வாளியோடு தூக்கிப் போனது.

அந்த மாதம் எடுக்கவேண்டிய சிவாஜினி வாசலில் குந்திவிட்டாள். நாகேஸ்வரி தாலிக்கொடியையும் காப்புகளையும் ரூ காய் தெரு நகைக்கடையில் விற்று, மிச்சத்துக்குக் கடன்பட்டு, அவளிடம் எண்ணிக் கொடுத்தாள்.

ஒன்றரை வருசத்தில் வழக்கு முடிந்தது. கிருஷாந்த் உள்ளே போனான். வாளிக் காசுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை, உரியவர் ஆறு மாதத்துக்குள் கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் அரசாங்கத்துக்கு என்றது நீதிமன்றம்.

"உங்க பணம் இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா," என்றார் கடிதம் எழுதிக் கொடுக்கும் புதுச்சேரிக்காரர் எமில். "பணம் போட்டவங்க கையெழுத்துப் போட்டு, எங்களுக்குத் தர வேண்டியதை நாகேஸ்வரி தீர்த்துட்டாங்கன்னு சொன்னா வழியிருக்கு."

முதலில் சிவாஜினியிடம் போனாள்.

"அக்கா, நான் பதியாமக் கறுப்பிலை வேலை செய்யிறது தெரியும்தானே. ஆயிரம் ஆயிரமாச் சீட்டுக் கட்டினனான் எண்டு எழுதினா அரசாங்க உதவிக்காசை வெட்டிப்போடுவாங்கள்."

"என்ரை வாசலிலை குந்தேக்கை இந்தப் பயம் எங்கையடி போனது?"

சிவாஜினி அடுப்பைப் பார்த்தாள்.

சீட்டில் இருந்த பலசரக்குக் கடை ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வரிக்காரர் பயம். "வேணுமெண்டா பத்துக்கிலோ அரிசி கொண்டுபோங்கோ அக்கா."

"எதுக்குள்ளை கொட்ட? வாளியும் பொலிசிட்டை."

இன்னொரு சீட்டுக்காரன் அன்ரன், காசு திரும்பிவர மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னான்.

"கொளுத்துற கையாலை ஒரு கையெழுத்தும் வையன்ரா."

அவன் லா கூர்னெவ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினான். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

ஆறு மாதம் போயிற்று. காசு பிரான்ஸ் அரசாங்கத்தோடு சேர்ந்தது. கேட்க வாயில்லாத காசு, கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். கடன்காரன் மட்டும் நாகேஸ்வரியை மறக்கவில்லை.

அடுத்த கிழமை சிவாஜினி, மூன்று பேரையும் ஒரு பெட்டி லட்டையும் கொண்டு வந்தாள்.

"அக்கா, புதுச் சீட்டொண்டு தொடங்குவம். உங்களை விட்டா நம்பிக் குடுக்க ஆளில்லை. உங்கடை நேர்மையை இந்த ஏரியாவே கதைக்குது."

"அந்தக் கதையை ஒரு கடுதாசியிலை எழுத உங்களுக்குக் கை வரேல்லை."

லட்டுப் பெட்டி மேசையில் கிடந்தது. நாகேஸ்வரி அதைத் தொடவில்லை. கடன்காரனுக்கு மாத முடிவில் பதில் சொல்லவேண்டும்.

"தொடங்குவம்," என்றாள். "ஆனா இனிப் பொலிஸ் கேட்டாலும் சரி, நீங்கள் கேட்டாலும் சரி, காசு என்ரை எண்டுதான் சொல்லுவன்."

சிவாஜினி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

"முதல் சீட்டு தாய்ச்சிக்கு," என்று நாகேஸ்வரி கையை நீட்டினாள்.