மஞ்சள் நீரில் தெரிந்த சூரியன்

ஐயா, அம்மா, வணக்கம். என் தங்கை ஒளியியலில் ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை. நேற்று ஓசூரில் கண் மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். எழுத்துப் பலகையைப் படிக்கையில் அவள் கோழியைப்போல் தலையைச் சாய்த்தாள்.

"வலது கண்ணுல நடுப்பார்வை சின்ன வயசுலயே போயிருக்குதுங்க. சூரியன நேரா பாத்த தழும்பு" என்றார் மருத்துவர். நான் திடுக்கிட்டுப் போனேன்.

சூளகிரியில் எங்கள் வீட்டு வாசலில், நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது ஒரு சூரிய கிரகணத்தன்று அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்து வைத்தார். பச்சை மஞ்சளின் வாசனை மூக்கிலேற, குனிந்து அந்நீரில் தேய்ந்த சூரியனைப் பார்த்தோம்.

"மேல பாக்காதடி, கண்ணு அவிஞ்சு போயிரும்!" என்று அம்மா தங்கையை அதட்டினார். அதன் பிறகே அவள் தலையைச் சாய்த்துப் படிக்கலானாள். "கோழி வந்துட்டா பாரு" என்று வீடே சிரிக்கும்; அவளும் சிரிப்பாள்.

"ஏம்மா, உனக்கு அப்பவே தெரியுமா?" என்று நேற்று மருத்துவரிடமிருந்து திரும்புகையில் தங்கையிடம் கேட்டேன்.

"தெரியும்ணா. தண்ணில தெரியுற மாதிரியேதான் மேலயும் இருக்குதான்னு பாத்தேன். சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்த நிறுத்திப் போட்டிருப்பாங்க."

ஆயுள் முழுவதும் ஒளியை ஆராய்ந்தவள் அதை ஒற்றைக் கண்ணாலேயே ஆராய்ந்திருக்கிறாள். இக்குறிப்பைத் தயவுகூர்ந்து பத்திரப்படுத்தி வையுங்கள்.