அண்ணி அளந்த தண்ணீர்

செம்மங்குப்பத்தில் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் போய்வந்தும், அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை நான். அந்தப் போர்வெல் தண்ணீரில் ஏதோ மருந்து வாடை அடிப்பதாக எனக்குத் தோன்றும். அண்ணி என்று நான் அழைக்கும் அவர் நீட்டும் சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து என் பாட்டிலை எடுப்பேன். பள்ளி ஆசிரியையான எனக்கு அது சுகாதாரம், அவருக்கு அவமதிப்பு. ஒருநாள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

2009 மழைக்காலத்தில், வெறும் சளி என்று நான் அலட்சியப்படுத்திய காய்ச்சல் நிமோனியாவாக முற்றியது. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த மறுநாளே சிறுநீரகங்களும் நின்றுபோயின. டயாலிசிஸ் தொடங்கினார்கள். சிறுநீர் பிரியாதவரை பிழைப்பது உறுதியில்லை என்றார் மருத்துவர். குடிக்கும் தண்ணீர் நுரையீரலில் தேங்கும் என்பதால் நாளுக்கு இரண்டு டம்ளர்தான். கணவருக்குப் பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம். துணைக்கு வந்து உட்கார்ந்தவர் அண்ணி.

டம்ளரை என் கைக்கு எட்டாத சன்னலில் வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியால் அளந்து தருவார்.

“இன்னும் ஒரு மூடி, அண்ணி.”

“பன்னெண்டு வருசமா கேக்காதவ இப்பக் கேக்குறியா, டீச்சரம்மா? நாக்க நனச்சிக்க, போதும்.”

பழிதீர்க்கிறார் என்றே நம்பினேன். அந்த முகத்தை வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் மனம் பொறுக்காமல் இளநீர் வாங்கிவந்தார். ஸ்ட்ரா என் உதட்டில் படுவதற்குள் அண்ணி அதைப் பிடுங்கி வாஷ்பேசினில் கவிழ்த்தார்.

“அறிவிருக்காடா உனக்கு? கிட்னி நின்னவளுக்கு எளநீ ஆவாதுன்னு சிஸ்டரு தலபாடா அடிச்சிக்கிறாங்க!”

“பாவமா இருக்குதுக்கா.”

“பாவம் பாத்தே கொன்னுடு. அப்புறம் நாத்தனாக்காரி சாவடிச்சிட்டான்னு ஊரு என்னத்தான் சொல்லும்.”

அன்று நான் அண்ணியைத் திட்டிய சொற்களை எந்த வகுப்பறையும் கேட்டிருக்காது. முழுவதையும் கேட்டுவிட்டு, ஈரத் துணியால் என் உதட்டை அழுத்தித் துடைத்தார். வலித்தது.

பதினோராம் நாள் காலை, கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், செருப்பில்லாமல் சிஸ்டரைக் கூப்பிட ஓடினார். அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரின் அளவு ஏறியது. இனி தாகத்துக்குக் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிப் போனதும், அண்ணி டம்ளர் நிறைய ஊற்றி என் கையில் திணித்தார்.

“குடி. எங்க வூட்டுத் தண்ணி இல்ல, பயப்படாத.”

அவர் சிரிக்கவில்லை. குடித்து முடித்து, காலி டம்ளரை இன்னும் வேண்டுமென்று அவரிடம் நீட்டினேன்.