ஸ்கேன் சென்டர்ல குடுத்த நம்பர்

எங்க அக்கா மாசமா இருந்த சேதிய வித்தது உத்திரமேரூர் ஸ்கேன் சென்டர்காரர்தான். மாமா அப்பத்தான் வாங்கிக் குடுத்த புது சிம். அந்த நம்பர வெளிய குடுத்தது அங்க மட்டும்தான்.

சில வருஷம் ஆச்சு. வயித்துல தடவுன ஜெல்லோட சில்லிப்பு இன்னும் போகலன்னு, அக்கா பஸ்ல புடவைய சரி பண்ணிக்கினே வந்தா. முகம் பூரா சிரிப்பு.

"மூணு மாசம் முடியற வரைக்கும் மூச்சு விடாதடி."

எங்க பக்கம் அதான் வழக்கம். மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாளே போன் வந்துச்சு. அக்கா கை பூரா மாவு. மாமியார் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"வாழ்த்துகள் மேடம்! அம்மாவாகப் போறீங்க. குழந்தை பேர்ல ஒரு பாலிசி..."

மாமியார் முகம் சுண்டிப் போச்சு. "இன்னாம்மா... என்கிட்ட சொல்ல மாட்ட, எவளோ ஒருத்திக்கு சொல்லுவியா?"

சாயங்காலம் திருப்புலிவனத்துல அக்கா வூட்டுத் தெருவுக்கே தெரிஞ்சிடுச்சு.

அடுத்த மாசம் கலைஞ்சுது.

தெரு அடங்குச்சு. போன் அடங்கல. டயப்பர், பவுடர், பாலிசி... 'இந்த வாரம் உங்க பாப்பா விரலை மடக்கும்'னு மெசேஜ் வந்த அன்னிக்கு, அக்கா போன அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா.

நான் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு நேரா ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஓனர் நிமிரவே இல்ல. "நாங்க யாருக்கும் குடுக்கறதில்லம்மா. போன்னு இருந்தா விளம்பரம் வரத்தான் செய்யும்."

பெஞ்சுல இருந்த பொம்பளைங்கள கேட்டேன். "உங்களுக்கும் வருதாக்கா?"

"தினம் பேஜாரா கீது!"

வாலாஜாபாத் அக்கா ஒருத்தி சொன்னா, "எனக்கு எத்தினி மாசம்னு என் புருஷனுக்கே தெரியாது... போன்ல அந்தப் பொண்ணு கரெக்டா சொல்றா!"

பெஞ்சே சிரிச்சுது. ஓனர் உள்ள போயிட்டாரு.

வாசல் போர்டுல அவரோட சொந்த செல் நம்பர் பெருசா இருந்துச்சு. அதப் பார்த்ததும் அந்த அக்காதான் கேட்டா, "கவுன்ட்டர்ல கேட்டா இதையே சொன்னா இன்னா? ரிப்போர்ட்டு எப்படியும் கையிலதான வாங்கப் போறோம்."

அன்னிலேர்ந்து சொன்னோம். பஸ்ல, ரேஷன் கடைல, நூறு நாள் வேலை நடக்கற ஏரிக்கரைல சேதி பரவுச்சு. வந்தவங்க எல்லாம் அவர் நம்பரையே குடுத்தாங்க. கவுன்ட்டர் பொண்ணு சிரிப்ப அடக்கிக்கினு டைப் அடிச்சா.

அவ சொல்லித்தான் மீதி தெரியும். மனுஷன் சாப்பிடும்போது கூட, "நான் ஆம்பளம்மா... எனக்கு எந்தப் பாப்பாவும் இல்லம்மா!"ன்னு போன்ல கத்திக்கினு இருந்தாராம்.

அந்த மாசமே கவுன்ட்டர்ல பேப்பர் ஒட்டிட்டாரு. 'போன் நம்பர் தர வேண்டியதில்லை.'

ஜெயிச்சோம்!

அக்கா மறுபடி மாசமானப்ப எவனும் வாழ்த்து சொல்லல. மூணு மாசம் முடிஞ்சு, மாமியார் எதிர்ல உக்காந்து தன் வாயால சொன்னா. அவங்க எழுந்து போய் சர்க்கரை டப்பாவ எடுத்துக்கினு வந்தாங்க.

அப்பல்லாம் வூட்டு சேதி வூட்டுக்குள்ளேர்ந்துதான் வெளிய போவும். இப்ப அதுக்கே சண்டை போட வேண்டிகீது.

பொண்ணு பொறந்து நல்லா இருக்கா. ஆனா போன வாரம் அக்காவுக்கு ஒரு மெசேஜ். 'உங்கள் குழந்தைக்கு எல்கேஜி அட்மிஷன்.' இவளுக்கு இன்னும் அந்த வயசு ஆகல. கணக்கு போட்டுப் பார்த்தேன்... அது பொறக்காமப் போனதுக்கு.

நேரா ஸ்கேன் சென்டருக்குப் போய் ஓனர் எதிர்ல நின்னேன்.

"எங்க அக்கா நம்பர எவனெவன்கிட்ட குடுத்தீங்களோ, எல்லார்கிட்டயும் சொல்லி அழிக்கச் சொல்லுங்க சார். இப்பவே. என் எதிர்லயே."

அவர் என்னைத் தாண்டி பெஞ்சப் பார்த்து, "அடுத்தது யாரும்மா?"ன்னாரு.